வெளிநாட்டில் உறவினர்: இல்லை

1

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தங்கை கலா எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டாள். நான் அப்போது ஜெர்மனியில், கொலோன் நகரத்தில், எங்கள் வீட்டு அடுப்பில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். போனை எடுத்துப் பார்த்தால் ஒரே ஒரு வரி. என்னை நீக்கியவர் கலா என்று இருந்தது. அதற்குக் கீழே பதில் எழுத இடமில்லை.

விரல் தவறிப் பட்டிருக்கும் என்று நினைத்தேன். மாலைவரை காத்திருந்தேன். மறுநாளும் காத்திருந்தேன். ஏன் என்று கேட்பது என் சுபாவத்தில் இல்லை. பேருந்தில் யாராவது என் காலை மிதித்துக்கொண்டு நின்றால்கூட, அவர் இறங்கும் நிறுத்தம் வரட்டும் என்று இருந்துவிடுகிற ஆள் நான்.

அந்தக் குழுவில் பெரிதாக எதுவும் இருக்காது. மந்தைவெளியில் கலா வீட்டுக்குத் தண்ணீர் லாரி வந்ததா, கோடம்பாக்கத்தில் இருக்கும் எங்கள் பெரியப்பா மகன் முருகேசனுக்கு இன்று ஷூட்டிங் உண்டா, இவ்வளவுதான். ஆனால் ஓட்டலில் வேலைக்குப் போய், உடை மாற்றும் அறையில் நின்று அதை ஒருமுறை படித்துவிட்டுத்தான் நான் அடுப்பங்கரைக்குள் நுழைவது வழக்கம். அந்த இரண்டு நாளும் செருப்பில்லாமல் நடப்பது போல இருந்தது.

பிறகு முருகேசன் எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. எடுத்தால் கலா.

"அண்ணே, நான்தான். முருகேசன் வூட்லேர்ந்து பேசறேன். இனிமே எங்க போனுக்கு நீ கூப்புடாத. மெசேஜும் போடாத."

யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். யாருக்கும் ஒன்றும் இல்லை, நல்ல செய்திதான் என்றாள். அவள் மகள் பவித்ரா மத்திய அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றுக்குத் தேர்வு எழுதி, நேர்காணலும் முடிந்து, பட்டியலில் பெயர் வந்துவிட்டதாம். இனி ஒன்றுதான் பாக்கி. அவளைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் விசாரித்து, ரகசியமான வேலைக்கு நம்பி எடுக்கலாம் என்று மேலிடம் அனுமதி தர வேண்டும். அதற்கான படிவத்தில் வெளிநாட்டில் உறவினர் உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. உண்டு என்றால் அவர் யார், எந்த நாட்டுக் குடிமகன், அவரோடு என்ன தொடர்பு என்று எழுத வேண்டும்.

கலாவின் கணவர் பாஸ்கர் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவுக்கு மேற்பார்வையாளர். அவரோடு வேலை செய்யும் ஒருவர் சொன்னாராம், அண்ணன் வெளிநாட்டில் இருந்ததால் ஒரு பையனுக்கு இதே மாதிரி வேலை கைக்கு வந்து நழுவிவிட்டது என்று. அந்தப் பையன் யார், எந்த ஊர் என்பதெல்லாம் தெரியாது. ஆனால் அன்றைக்கே வீட்டில் முடிவாகிவிட்டது. அந்தக் கேள்விக்கு எதிரே பவித்ரா 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

அப்படி எழுதிக் கொடுத்த பிறகு நான் இருக்கக் கூடாது அல்லவா? அதனால்தான் குழுவிலிருந்து எடுத்தார்கள். கூடத்தில் மாட்டியிருந்த என் குடும்பப் படமும் பரணுக்குப் போய்விட்டது.

"கோவிச்சுக்காதண்ணே. ஆர்டர் வந்ததும் மறுபடி சேத்துடறேன்" என்றாள்.

சரிம்மா என்றேன்.

2

நான் எப்படி வெளிநாட்டு உறவினன் ஆனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மயிலாப்பூரில் மாநகராட்சிப் பள்ளியில் பத்தாவது வரை படித்தேன். பிறகு மாட வீதிப் பக்கம் ஒரு மெஸ்ஸில் காய் நறுக்க ஆரம்பித்து, சமையலுக்குப் பொறுப்பான சரக்கு மாஸ்டர் ஆனேன். அங்கே சாப்பிட வந்த ஒருவர் மூலமாக கொலோனில் இந்திய ஓட்டல் வைத்திருந்தவருக்கு ஆள் தேவை என்று தெரிந்து, சமையல்காரர் விசாவில் போனேன். அந்த விசா முதலாளியின் பெயரோடு ஒட்டியது. புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் அவர் கடிதம் தந்தால்தான் உண்டு. அவர் லீவு தரவில்லை என்றால் ஊருக்குப் போக முடியாது. எங்கள் அப்பா இறந்தபோது அவர் தரவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு, முருகேசன் கொள்ளி வைப்பதைக் கேட்டேன். அதற்குப் பிறகுதான் அந்த நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று என் மனைவி சொன்னாள். யாருடைய கடிதமும் இல்லாமல் போகலாம், வரலாம் என்பதுதான் எங்கள் கணக்கு. இந்தியப் பாஸ்போர்ட்டை விட வேண்டும் என்பது தெரியும். அதை விடுவதால் யாருக்காவது இடைஞ்சல் வரும் என்று தெரியாது.

ஜெர்மன் மொழியை நான் அடுப்பங்கரையில் கற்றவன். அங்கே எல்லாரும் எல்லாரையும் 'நீ' என்றுதான் பேசுவார்கள். அவர்கள் மொழியில் 'நீங்கள்' என்று ஒன்று இருப்பது எனக்குப் பழகவே இல்லை. குடியுரிமை அலுவலகத்தில் நரைத்த தலையோடு உட்கார்ந்திருந்த அம்மாளை, கேட்ட கேள்விக்கெல்லாம் 'நீ, நீ' என்றே பேசியிருக்கிறேன். பழைய குடியுரிமையை விட்டுவிடச் சம்மதமா என்று அவர் கேட்டபோது, "நீ சொன்னால் சரி" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகன் அருண் முகத்தை மூடிக்கொண்டான். அந்த அம்மாள் சிரித்துவிட்டார். அதனால்தான் கிடைத்தது என்று வீட்டில் இன்றைக்கும் கேலி செய்வார்கள்.

இந்தியத் தூதரகத்தில் யாரும் சிரிக்கவில்லை. என் பாஸ்போர்ட்டின் மூலையை வெட்டி, முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார்கள். ரயிலில் வரும்போது அந்த வெட்டிய மூலையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்தேன்.

அருண் இப்போது விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கிறான். அவனை எடுப்பதற்கு முன்பும் இப்படித்தான் விசாரித்தார்கள். எங்கே பிறந்தாய், எங்கெங்கே வசித்தாய் என்று. அவன் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தான், வேலை கிடைத்தது. கலா என்னை நீக்கியதைச் சொன்னபோது அவனுக்குப் புரியவே இல்லை. மாமா ஒருத்தர் இருக்கிறார் என்று எழுதிவிட்டால் முடிந்தது, இதில் என்ன இருக்கிறது என்றான். பிறகு, "பவித்ரான்னா எந்தப் பொண்ணுப்பா? கண்ணாடி போட்டவங்களா?" என்று கேட்டான். சிறு வயதில் இருவரும் மெரினாவில் ஒரே குதிரைமேல் உட்கார்ந்து எடுத்த படம் எங்களிடம் இருக்கிறது. அதை அவனிடம் காட்ட வேண்டும் என்று நினைத்தேன், காட்டவில்லை.

3

பவித்ராவின் கல்யாணம் அதற்கு முன்பே நிச்சயமாகிவிட்டது. எனக்கு டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. மனைவிக்கும் மகனுக்கும் லீவு இல்லை, நான் மட்டும்தான். கலா மறுபடியும் முருகேசன் போனிலிருந்து பேசி, வரலாம், ஆனால் மந்தைவெளிக்கு வர வேண்டாம் என்றாள். விசாரிக்க ஆள் எப்போது வேண்டுமானாலும் வருவார்களாம். முருகேசன் வீட்டில் தங்கிக்கொள்ளச் சொன்னாள்.

முருகேசன் சினிமாவில் லைட்மேன். தனி ஆள். கோடம்பாக்கத்தில் ஒரே அறை. இருந்த கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்துக்கொண்டான். எப்போதும் வாய் ஓயாதவன், அந்தத் தடவை என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. காரணம் தி. நகரில்தான் தெரிந்தது.

கலா என்னை ரங்கநாதன் தெருவுக்கு வரச் சொல்லியிருந்தாள். அந்தக் கூட்டத்தில் யார் யாரைப் பார்க்கப் போகிறார்கள் என்பது பாஸ்கரின் யோசனை. மாம்பலம் ரயில்வே படிக்கட்டு இறங்கும் இடத்தில் நின்றேன். கலா வந்தாள். என்னைப் பார்த்ததும் சிரிக்காமல், முன்னே நடந்து, திரும்பி நான் வருகிறேனா என்று பார்த்து, மறுபடி நடந்தாள். கூடப்பிறந்தவளைப் பின்தொடர்ந்து ஒரு திருடனைப் போல நடந்தேன். ஜூஸ் கடையின் உள்பக்க மேசையில் உட்கார்ந்ததும்தான் என் கையைப் பிடித்தாள். இளைத்துவிட்டாய் என்றாள். பிறகு ஜவுளிக்கடைப் பைக்குள் கை விட்டு ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து, மேசைக்கு அடியில் நீட்டினாள்.

எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளைப் பற்றி உங்களுக்குத் தெரியும். யார் வீட்டில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தாலும் அவர் பெயருக்குப் பக்கத்தில் அந்த ஊர்ப் பெயரையும் போட்டுவிடுவார்கள். துபாய் என்றால் துபாய், சிங்கப்பூர் என்றால் சிங்கப்பூர். பவித்ராவுக்கு என் மடியில் வைத்துக் காது குத்தியபோது அடித்த பத்திரிகையில் 'தாய்மாமன் ஏழுமலை, ஜெர்மனி' என்று தடித்த எழுத்தில் போட்டவரும் இதே பாஸ்கர்தான். இப்போது அந்த இடத்தில் 'தாய்மாமன் முருகேசன், கோடம்பாக்கம்' என்று இருந்தது.

சபையில் நிற்பது எனக்கு என்றைக்கும் ஆகாது. தாய்மாமன் என்றால் மாலை போட வேண்டும், பெண்ணைக் கைபிடித்து மணமேடைக்கு அழைத்துவர வேண்டும், வீடியோக்காரன் சொல்கிற பக்கமெல்லாம் திரும்ப வேண்டும். இதை நினைத்து விமானத்திலேயே எனக்குக் கை வேர்த்தது. ஆனால் அந்த வரியில் என் பெயரைத் தேடி மறுபடி மறுபடி படித்தேன்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லியிருப்பதாகக் கலா சொன்னாள். மண்டபத்துக்கு வரலாம், பின்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

"பவி என்ன சொல்லுச்சு?" என்று கேட்டேன்.

"அது ஒண்ணும் சொல்லல. பத்திரிகையக் கையாலயே தொடல" என்றாள் கலா.

4

விசாரணைக்கு ஆள் வரும் என்பது பாஸ்கருக்குப் புதிதில்லை. எங்கள் தெருக்களில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தாலே போலீஸ் வரும். அதற்கு முன்பாக நாம் அக்கம்பக்கத்தாரிடம் போய், யாராவது வந்து கேட்டால் நல்லபடியாகச் சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லி வைப்போம். இது தப்பு என்று யாருக்கும் தோன்றியதில்லை. புது வீட்டில் பால் காய்ச்சுவதற்கு அழைப்பது மாதிரி அதுவும் ஒரு மரியாதை. பாஸ்கரும் மாடி வீடு, எதிர் வீடு, பக்கத்து வீடு என்று ஒன்று விடாமல் சொல்லி வைத்தார். ஆனால் என்னைப் பற்றி மட்டும் பேசாதீர்கள் என்று சொல்லவில்லை. சொன்னால் அதுவே தெருவெல்லாம் பரவிவிடும் என்று பயம்.

அதிகாரி வந்த அன்று பாஸ்கர் கடையில் இருந்தார். கலாவிடம் சில கேள்விகள் கேட்டுவிட்டு, அவர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். அங்கே மும்தாஜ் அக்கா இருக்கிறார். முப்பது வருடமாக அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர். பவித்ராவைத் தன் பேத்திபோலத் தூக்கி வளர்த்தவர். அந்தப் பெண்ணுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் மனதில் இருந்தது.

கலா சுவருக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். பிறகு அழுதுகொண்டே எனக்கு அப்படியே சொன்னாள்.

"ரொம்ப நல்ல குடும்பம் சார். சாதாரணமான ஆளுங்கன்னு நெனச்சுடாதீங்க. பொண்ணோட சொந்தத் தாய்மாமன் ஜெர்மனில கீறாரு. வரும்போதெல்லாம் எங்க வூட்டுக்குக்கூட சாக்லேட்டு குடுத்தனுப்புவாரு. இப்பக்கூட கல்யாணத்துக்கு வந்துகினு கீறாராம்."

அதிகாரி நன்றி சொல்லிவிட்டு, மறுபடி கலா வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறார். உங்களுக்கு அண்ணன், தம்பி யாராவது உண்டா என்று முதல் தடவை கேட்டபோது கலா இல்லை என்று சொல்லியிருந்தாள். அவர் அதை மறுபடி கேட்கவில்லை. பெண்ணையும் அந்த ஜெர்மனிக்காரரையும் அழைத்துக்கொண்டு மறுநாள் தன் அலுவலகத்துக்கு வரும்படி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மாலை பாஸ்கர் கோடம்பாக்கத்துக்கே வந்துவிட்டார். சட்டை முழுக்க வேர்வை. மும்தாஜ் அக்காவைத் திட்டினார், என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தலையில் கை வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பிறகு அவருக்கு ஒரு வழி தோன்றியது.

"மச்சான், மாமான்னு யாரைத்தான் கூப்புடல நாம? ஆட்டோக்காரனும் மாமா, மளிகைக் கடைக்காரனும் மாமா. அந்தக் கிழவி அதை சொந்தம்னு நெனச்சிக்கினு ஒளறிடுச்சுன்னு சொல்லிடலாம். நீ கலாவுக்குக் கூடப்பொறந்தவன் இல்ல. ஒரே தெருவுல இருந்த பழக்கம். அவ்ளோதான். இத மட்டும் நீ உன் வாயால சொல்லிடு."

முருகேசன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "இது வேணாம் மாமா, மாட்டிக்கினா அசிங்கமாப் பூடும்" என்றான். அதோடு நிறுத்திக்கொண்டான்.

எனக்குப் பவித்ராவின் வேலைதான் கண் முன்னால் இருந்தது. ஒரு ஜவுளிக்கடை ஊழியரின் மகள், மந்தைவெளியில் தண்ணீர் மோட்டார் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து படித்து, நாட்டில் எத்தனையோ பேர் எழுதிய தேர்வில் தேறியிருக்கிறாள். என் ஒரு வார்த்தையில் அது நிற்கும் என்றால் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சரி மாப்பிள்ளை என்றேன்.

5

அலுவலகத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் பாஸ்கர் எனக்குப் பாடம் நடத்தினார். எந்தத் தெரு, எந்த வருடம் பழக்கம், எங்கள் அப்பா பெயர் என்ன என்று கேட்டால் எந்தப் பெயரைச் சொல்வது. நான் ஒவ்வொன்றாகத் திரும்பச் சொன்னேன். பவித்ரா சற்றுத் தள்ளி ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். நான் அவளை நேரில் பார்த்து நான்கு வருடம் ஆகியிருந்தது. கல்யாணத்துக்காக முகத்தில் மஞ்சள் பூசியிருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே நீண்ட பெஞ்சு. ஜெர்மனியில் அலுவலகங்களில் எண் வரும்வரை உட்கார்ந்திருப்பது எனக்குப் பழக்கம்தான். ஆனால் அங்கே என் கையில் எப்போதும் சரியான காகிதம் இருக்கும். இங்கே என் சட்டைப் பையில் இருந்த, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்தியருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டையில் எங்கள் அப்பாவின் உண்மையான பெயர் இருந்தது. காட்டச் சொன்னால் என்ன செய்வது என்பதைப் பாடத்தில் நாங்கள் யோசிக்கவே இல்லை. அது எனக்கு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. பாஸ்கரிடம் சொல்லத் திரும்பினேன். அதற்குள் எங்கள் மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

அதிகாரி சாதாரண உடையில் இருந்தார். குரலை உயர்த்தாமல் பேசினார். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"இந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன உறவு?"

பாஸ்கரின் முழங்கால் என் முழங்காலை இடித்தது.

"தெரிஞ்சவங்க பொண்ணு சார்" என்றேன்.

அதிகாரி எழுதத் தொடங்கவில்லை. பேனாவை மூடியபடியே வைத்துக்கொண்டு பவித்ரா பக்கம் திரும்பினார். அவள் முகத்தில் பூசிய மஞ்சளுக்கு அடியில் ரத்தம் இறங்கிப் போயிருந்தது.

"இல்ல சார். இவரு எங்க அம்மாவோட கூடப்பொறந்த அண்ணன். எனக்கு சொந்தத் தாய்மாமா. ஃபார்ம்ல இல்லைன்னு எழுதுனது நான்தான். எங்கப்பா சொன்னாருன்னு சொல்ல மாட்டேன், கையெழுத்து என்னோடது."

பாஸ்கர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். அதிகாரி என்னிடம் கேட்டார், அப்படியென்றால் நீங்கள் இப்போது சொன்னது பொய்யா என்று. ஆமாம் சார் என்றேன். ஒரு வெளிநாட்டுக் குடிமகன் அரசு அதிகாரியிடம் வந்து பொய் சொன்னால் என்ன ஆகும் தெரியுமா என்றார். தெரியாது சார் என்றேன். அதுதான் உண்மை, எனக்குத் தெரியாது. விமான நிலையத்தில் என்னை நிறுத்திவிடுவார்களோ, என் வீட்டுக்கு யார் சொல்வார்கள் என்றெல்லாம் ஓடியது.

அவர் பேனாவை மேசைமேல் வைத்தார்.

"ஃபாரின்ல சொந்தக்காரங்க இருக்கறது குத்தமில்லம்மா. எத்தனையோ பேருக்கு இருக்காங்க, விசாரிச்சுட்டு விட்டுடுவாங்க. இல்லைன்னு எழுதுனீங்க பாருங்க, அதுதான் இப்ப உங்களுக்கு எதிரா நிக்குது" என்றார்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளைப் பவித்ராவிடம் நகர்த்தி, நடந்ததை அவள் கையாலேயே எழுதச் சொன்னார். அவள் எழுதி முடிக்கும்வரை நாங்கள் மூவரும் அந்தப் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என்னிடம் அட்டையை வாங்கி நகல் எடுத்துக்கொண்டார். நான் முதலில் சொன்னது பொய் என்று என்னிடமும் எழுதி வாங்கிக்கொண்டார். இதை மேலே அனுப்புவேன், முடிவு என் கையில் இல்லை என்று சொல்லி எங்களை அனுப்பினார்.

வெளியே வந்ததும் பாஸ்கர் யாரோடும் பேசாமல் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். பவித்ராவும் நானும் நின்றோம். நீ இதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்றேன். அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தாள்.

"இல்லைன்னு எழுதினப்ப அது வெறும் பேப்பர்னு இருந்துச்சு மாமா. நீ அங்க உக்காந்து, தெரிஞ்சவங்க பொண்ணுன்னு சொன்னியே, அத என்னால கேக்க முடியல" என்றாள்.

6

கல்யாணத்தைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல இருக்கிறது. பத்திரிகை ஊரெல்லாம் போய்விட்டது, மாற்ற முடியாது. பாஸ்கர் என்னோடு பேசுவதில்லை. அதனால் நான் பேண்ட் சட்டையில் போய்ப் பின்வரிசையில், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

ஐயர் தாய்மாமனைக் கூப்பிட்டார். பட்டு வேட்டியில், தோளில் ஜரிகைத் துண்டோடு மேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்த முருகேசன் மேடை ஏறாமல், மண்டபத்தின் நடுவழியாக நடந்து நேரே என்னிடம் வந்தான். வீடியோக்காரனும் லைட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

"எந்திரி அண்ணாத்த. நான் வெறும் டூப்பு. மாலை போடற ஷாட்டுக்கு ஒரிஜினல் ஆளு வரணும்" என்றான்.

மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். பாஸ்கர் மேடையில் தலை குனிந்து எதையோ தேடுவது போல நின்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. முருகேசன் தன் துண்டை எடுத்து என் பேண்ட்டுக்கு மேல் இடுப்பில் சுற்றி முடி போட்டான். அந்தக் கோலத்தில்தான் நான் மேடை ஏறினேன். மாலையை எப்படிப் போடுவது என்று நான் தடுமாறியதைப் பார்த்து, பவித்ரா தலையை நன்றாகக் குனிந்து கொடுத்தாள்.

7

நான் கொலோன் திரும்பிச் சில மாதங்கள் ஆகின்றன. பவித்ராவோடு தேர்வானவர்கள் வேலையில் சேர்ந்துவிட்டார்கள். அவளுக்கு மட்டும் உத்தரவு வரவில்லை, பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வருகிறது. இப்போதைக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு தனியார் நிறுவனத்துக்குப் போய் வருகிறாள். அவள் கணவன் ஒரு குறையும் சொல்லவில்லை என்கிறாள் கலா. பாஸ்கர், ஒரு வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று இன்னமும் சொல்கிறார். அது யாருடைய வாய் என்று அவர் சொல்வதில்லை.

இங்கே வேலை நடக்கிறது. வெங்காயம் வதங்கும் நேரத்தில், அவளுக்கு அந்த வேலை என்னால் போயிற்றா, இல்லை என்று எழுதியதால் போயிற்றா, இன்னும் போகவில்லையா என்று மனம் சுற்றிக்கொண்டே இருக்கும். அருண், அப்பா நீங்க எந்தத் தப்பும் செய்யலையே என்கிறான்.

போன மாதம் மேலிடத்திலிருந்து பவித்ராவுக்கு இன்னொரு படிவம் வந்தது. வெளிநாட்டு உறவினரைப் பற்றி மட்டுமே நிறையக் கேள்விகள். கதவு முழுதாக மூடவில்லை என்பதற்கு அது ஒன்றுதான் அடையாளம். மதிய இடைவேளையில் ஓட்டலின் பின்புறம் காலிப் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தபோது அழைத்தாள். ஒவ்வொரு கேள்வியாகப் படித்தாள், நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். எப்போது குடியுரிமை வாங்கினேன், ஏன் வாங்கினேன், யாரிடம் வேலை, மனைவி யார், மகன் எங்கே வேலை பார்க்கிறான். என் வாழ்க்கையை இவ்வளவு விவரமாக யாரும் என்னிடம் கேட்டதில்லை. விமான நிலையம் என்று சொல்லத் தயங்கினேன். அது அவளுக்கு இன்னும் கெடுதலாகுமோ என்று. அவள் அதையும் அப்படியே எழுதினாள்.

கடைசியில், இந்த உறவினரோடு எவ்வளவு அடிக்கடி தொடர்பு கொள்கிறீர்கள் என்று ஒரு கேள்வி.

"வருசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவைன்னு போடும்மா. கம்மியா இருந்தா உனக்கு நல்லது" என்றேன். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டது ஏறக்குறைய அவ்வளவுதான்.

அந்தப் பக்கம் பேனா தாளில் ஓடும் சத்தம் கேட்டது.

"தினமும்னு எழுதிட்டேன் மாமா."

"தினமும் பேசறதில்லையேம்மா. இதுவும் பொய்யாச்சே."

"இன்னிலேர்ந்து பேசுவோம். அப்பறம் எப்படிப் பொய்யாகும்?"

அன்றிலிருந்து தினமும் கூப்பிடுகிறாள். அவளுக்கு வேலை முடியும் நேரம், எனக்கு இடைவேளை. பேச எதுவும் இருக்காது. பேருந்தில் இடம் கிடைத்ததா, இங்கே மழையா என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுவாள். உத்தரவு இன்னும் வரவில்லை. நேற்று அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டு குரலே எழும்பவில்லை. அப்படியும் கூப்பிட்டாள். மாமா என்றாள். அதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.